செவலையின் கால் தழும்பு

14.6.1995, புதன்

என் குதிரை செவலைக்குப் பின்னங்கால் லாடம் கழன்றுவிட்டது. அடிக்க வந்த சின்னச்சாமி அண்ணன், மாட்டைச் சாய்ப்பதுபோல் அதையும் கட்டிச் சாய்க்கக் கயிற்றைப் பிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் காலைத் தொடவே அது மூன்று மாதம் என்னை விடவில்லை. தொடவிட்டால் ஒரு துண்டுக் கருப்பட்டி, தூக்கினால் இரண்டு என்று பழக்கியிருந்தேன். ஒரு கயிற்றில் அத்தனையும் போய்விடும்.

"கயித்த வெச்சுப்போட்டு வாங்கண்ணா. இல்லீன்னா லாடமே வேண்டாமுங்க."

முறைத்தார். ஆனாலும் கயிற்றை வேலியில் போட்டுவிட்டு வந்தார். நான் தட்டியதும் செவலை காலைத் தூக்கியது. நடுங்கியதே தவிர இழுத்துக்கொள்ளவில்லை. ஆணியெல்லாம் அடித்து முடித்த பிறகும் கருப்பட்டிக்காக அதே காலைத் தூக்கிக் காட்டியபோது இருவருமே சிரித்துவிட்டோம்.

அப்போதுதான் கணுக்காலில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ஏனுங்க அம்மணி, இது சந்தையில வாங்குனதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப இது என்ற கயிறு அறுத்த காயமுங்க. நெத்திச் சுழியும் அதேதானுங்க. சந்தைக்கு வர்றதுக்கு முன்னால, லாடம் அடிக்க நாந்தான் கட்டிச் சாய்ச்சேன்."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. வாங்கிய நாள்முதல் அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் திட்டிக்கொண்டிருந்த கை அது. அந்தக் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்தேன். செவலை வெகுநேரம் மோந்து பார்த்தது. பிறகு தின்றது.

கயிறு இன்னும் வேலியில்தான் கிடக்கிறது. மறந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.