ரவி சொன்ன கதை

நவம்பர் 1993, வியாழக்கிழமை

இன்று நாங்கள் கொண்டுவந்த ஹங்கேரிய கார்ட்டூன் படத்துக்கு அரங்கு நிறைந்துவிட்டது. ஆறு வருடங்களுக்கு முன் நானும் ரவியும் படச்சுருள்களைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் தியேட்டராக அலைந்தோம். சின்னப் பிள்ளைகளின் படம் என்று சிரித்து அனுப்பினார்கள்.

இந்த விநியோகத் தொழிலை எப்படித் தொடங்கினீர்கள் என்று ஒரு நிருபர் மேடையில் ரவியிடம் கேட்டாள். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு சின்ன அறையில், தன்னந்தனியாக என்றான். அது என்னுடைய அறை. கட்டிலை அவனுக்கு விட்டுவிட்டு நான் தரையில் படுத்தேன்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவனிடம் கேட்டேன்.

"அண்ணை, பேப்பர்காரருக்கு ஒராள்தான் வேணும். ரெண்டு பேரெண்டால் கதை எடுபடாது."

"அப்ப நான் ஆரடா?"

யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

தன்னந்தனியாக என்று அவன் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறாரே என்று நானும் தட்டினேன்.