கயிற்றுக் கவ்வி

பிள்ளையின் அப்பாவுக்கு,

மாரி இன்னும் விடவில்லை. பாய்மரப் படகு முற்றத்தில், மழைக்குப் போட்ட படங்கின் கீழ் கிடக்கிறது. வெயில் எறித்த நாட்களில் விளிம்பு மரங்களைத் தேய்த்து வார்னிஷ் பூசினேன். நீங்கள் வீட்டை விட்டுப் போனபின் இது மூன்றாவது மாரி. வேலை பழகிவிட்டது.

முன்பாயின் கயிற்றைப் பூட்டும் கவ்வி நீங்கள் உட்காரும் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கயிறு உங்கள் வேலை. சுக்கானைப் பிடித்தபடி எனக்கு அது எட்டாது. அதனால் இரண்டு வருடமும் படகு கடலில் இறங்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து தச்சுவேலைக்கு வரும் ஜவ்பர் நானாவிடம், கவ்வியைச் சுக்கானுக்குப் பக்கத்தில் மாற்றித் தரச் சொன்னேன்.

"இது ரெண்டு பேர் ஓட்டுற படகெல்லோ, தங்கச்சி?" என்றார்.

"தனியவும் ஓட்ட ஏலும், நானா."

திருகாணிகளைக் கழற்றி மாற்றித் தந்தார். பழைய இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் மிஞ்சின. மரத்தூளும் பசையும் குழைத்து நானே அடைத்தேன். இப்போது தடவிப் பார்த்தாலும் தெரியாது.

சித்திரையில் வருவீர்களாம், படகில் ஒரு சுற்றுப் போவோம் என்றீர்களாம். பிள்ளை சொன்னாள்.

வாருங்கள். நான் கடலிலிருந்து திரும்பும்போது படகைக் கட்டும் கயிற்றை எறிவேன். கரையில் நின்று பிடியுங்கள்.

பிள்ளையின் அம்மா