பொட்டு வைத்த எலிப்பொறி

நெய்வேலி, பிளாக் 18
12.10.2016

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், வீட்டில் திரியும் எலியும் நலம். அங்கே உன் நலத்தோடு உன் எலிகளின் நலமும் அறிய ஆவல், அவை நலமாக இருப்பதுதான் உன் கவலை என்று தெரிந்தும் கேட்கிறேன்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் உளறுகிறேன், அதனால்தான் கடிதம். நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவில் சின்ன இடைவெளி, சேதி அதைத் தாண்டிப் போக வேண்டும், அதற்கு ஒரு ஜீன் ஒத்தாசை செய்கிறது என்று நம்பினாய், அந்த ஜீன் இல்லாத எலியை வளர்த்தால் தடுமாறும் என்று பார்த்தாய், அதுவோ மற்ற எலிகளைப் போலவே தின்று ஓடித் தூங்குகிறது. இரண்டு வருட உழைப்பு வீண், மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாய். பக்கத்து குவார்ட்டர்ஸ் வேலுமணியிடம் சொன்னேன். "ஏங்க, ஒண்ணுமே ஆவாத எலி நம்ம வூட்டுலயே ஓடுதே, அதப் பாக்க ஜெர்மனி போவணுமாங்க" என்றார். அது ஜீன் உள்ள எலி என்று சொல்லிவைத்தேன்.

பத்தாவதில் அறிவியலைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன் சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரி. மைன்ஸில் வெட்டின மண்ணைச் சுமந்து ஓடும் பெல்ட் ஓரமாக நெடுக ஒரு கயிறு போகும், ஆபத்து என்றால் இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். மற்ற நாளெல்லாம் அதற்கு வேலையே கிடையாது, அது இல்லாவிட்டாலும் பெல்ட் ஜோராக ஓடும். புதிதாக வந்த பன்னீர்செல்வம் அதைத் துணி காயப்போடும் கொடி என்று நினைத்துத் தூக்குவாளியை மாட்டினான். அந்த பெல்ட் நின்றது, அதன்மேல் கொட்டுகிற பெல்ட்டும் நின்றது, அதற்கும் பின்னால் மண் வெட்டிக்கொண்டிருந்த பெரிய மெஷினும் நின்றது. ஒரு வாளி சாம்பாருக்கு அவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை. உன் ஜீனும் அப்படி ஒரு கயிறோ என்னவோ, எலிக்கு ஏதாவது இக்கட்டு கொடுத்துப் பார்த்தாயா? இதை நீ போன வருடமே செய்து முடித்திருப்பாய், உன் புரொபசரிடம் அப்பா சொன்னார் என்று சொல்லிவைக்காதே.

உண்மையில் நீ வருகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான், உன் கட்டிலில் கிடந்த முந்திரி மூட்டையைக்கூட இறக்கிவிட்டேன். எம் பொண்ணு எப்ப வருவா என்று தினமும் புலம்புகிறவளாயிற்றே என்று உன் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னால், அவள் பாட்டுக்குத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆயுத பூஜையன்று என் ஹெல்மெட், ஸ்பேனர், அவள் தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், கடைசியில் எலிப்பொறியைக் கொண்டுவந்து அதற்கும் வைத்தாள். எலியைப் பிடிக்கப் போகிறாயா, கும்பிடப் போகிறாயா என்றேன். "எம் பொண்ணு தொழிலுக்குன்னு இந்த வூட்டுல வேற என்னா இருக்குது? பாதியில வுட்டுட்டு வந்தான்னா காலத்துக்கும் அதையே நெனச்சிக்கினு கெடப்பா. முடிச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது, ஆகவே பொறிக்கு லீவு. விடிந்து பார்த்தால் படையல் பொரியில் பாதியைக் காணோம். பிரசாதம் எடுத்துக்கிச்சு, எழிலு வேலை பலிக்கும் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. நேற்று விஜயதசமியும் போயிற்று, அலமாரி மேல் ஏற்றிவைத்த பொறியை இறக்க விடமாட்டேன் என்கிறாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, எலிக்கு வைத்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே. எடுத்த காரியம் கைகூட எங்கள் இருவர் ஆசியும் உண்டு. முடிவு உன்னுடையது அம்மா. இருந்து முடிக்கிறாய் என்றால் பொறி பொட்டோடு அலமாரி மேலேயே இருக்கும். வருகிறாய் என்றால் ஒரு வார்த்தை சொல், தேங்காய்ச் சில்லு வைத்து இறக்குகிறேன். மறக்காமல் பதில் போடு, இங்கே எலியும் காத்திருக்கிறது.

உன் அப்பா,
சி. பழனிவேல்