ஜோவிலினின் முதுகும் நீ அனுப்பிய மாத்திரையும்

அன்பு மகள் மெர்லிண்டாவுக்கு அப்பா எழுதுவது. உன் தங்கை ஜோவிலினைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் ஆமாம் என்பாய், அந்த ஆமாமை இனி நான் நம்புவதாக இல்லை. போனில் பேசலாம் என்றுதான் இருந்தேன், நான் கத்துவேன் என்று உன் அம்மா போனை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு ரொமுலோ வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கருவாடும் இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அதைப் பிரி.

மாகாணப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. சாயங்காலம் வாலிபால் பயிற்சி முடிந்த ஜோவிலினை ஆள் ஏற்றுகிற நம் ஜீப்னி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சந்தை வந்ததும் எல்லோரும் இறங்க வேண்டும், இவள் பின்படியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் மீன் கூடையோடு நின்ற அம்மாள், "இறங்குறியா, இல்ல உன் மேல ஏறி நாங்க இறங்கட்டுமா" என்று சத்தம் போட்டாள். வீட்டில் பாத்திரம் கழுவ வேண்டுமே என்று நடிக்கிறாள் என நினைத்து நானும் என் பங்குக்குத் திட்டினேன். அவள் திரும்பாமலே, "இடுப்பு பிடிச்சுக்கிச்சுப்பா, நகர முடியல" என்றாள். கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்தக் கூடைக்கார அம்மாளும் நானுமாகத்தான் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம்.

சுளுக்குதான் என்று உன் அம்மா இரண்டு நாள் எண்ணெய் போட்டுத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க இவள் அலறினாள். மூன்றாம் நாள் இலோய்லோ நகரத்துக்குப் பஸ் ஏறினோம், மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் என் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் அம்மா, எத்தனை நாளாக வலி என்று கேட்டார். இவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போன வாரத்திலிருந்து என்றாள். டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னார். திரும்ப உள்ளே போனபோது போன வாரம் ஏழு மாதமாகியிருந்தது. ஏழு மாதம், மெர்லிண்டா! கீழ் முதுகெலும்பில் முடி கனத்துக்கு விரிசல். ஒரே நாளில் வந்ததில்லையாம், வளரும் வயதில் துள்ளித் துள்ளி முதுகை வில்லாக வளைத்துப் பந்தடித்து, வலித்தபோதும் நிறுத்தாமல் அடித்து வந்ததாம். மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது, இடுப்பில் பட்டை போட வேண்டும், அப்புறம் உடற்பயிற்சி, அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் பையைத் துவைக்க எடுத்த உன் அம்மா காலுறைக்குள் வலி மாத்திரை அட்டைகளைக் கண்டாள். அவற்றோடு உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. "ஆடறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்க. அப்பா அம்மாகிட்ட சொல்லாத, டீம்ல இருந்து தூக்கிடுவாங்க." நோயாளி ஒருவர் லேசாக முனகினாலே பத்துக் கேள்வி கேட்கிற நர்ஸ் நீ, சொந்தத் தங்கை வலிக்கிறது என்றால் சாக்லேட் அனுப்புகிற பெட்டியிலேயே மாத்திரையையும் போட்டு அனுப்புவாயா? அவளைக் கேட்டால், "அக்கா இதைவிட வலியோட ஆடுனாங்க, அதனாலதான் காலேஜ்ல இடம் கெடைச்சுது" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்.

அந்தக் கோபத்தோடு அவள் அணியின் கோச் பனோலோவைப் பார்க்கப் போனேன். அந்த மனிதர் கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றிக் காட்டினார், நீளமாக ஆபரேஷன் தழும்பு. "எங்களையும் இப்படித்தான் ஆட வெச்சாங்க, வேற முறை எனக்குத் தெரியாது சார்" என்றார். அப்படியானால் வலிக்கிறதா என்று பிள்ளைகளை இப்போதே கேளுங்கள் என்றேன். அணிப் பெண்களை உட்காரவைத்து யாருக்கு எங்கே வலி என்று கேட்டார், ஒரு கைகூட உயரவில்லை. சொன்னால் யாரையும் நீக்கமாட்டேன், மாதா மேல் சத்தியம் என்றார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக உயர்ந்தது. பதினொரு பேரில் எட்டுப் பேர், தோள், முழங்கால், கணுக்கால் என்று. ஒருத்தி வலிக்கிற கையைத் தூக்கவே முடியாமல் இன்னொரு கையைத் தூக்கினாள். பனோலோ விசிலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். போட்டிக்கு அணியை அனுப்பவில்லை. ஊரில் பாதிப் பேர் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் நான் மனிதனே இல்லை. உனக்குப் பதினைந்து வயதில் கணுக்கால் வீங்கி நீ அழுதபோது, துணியால் இறுக்கிக் கட்டி, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ஹெட்மாஸ்டர் பாக்கறாரு" என்று உன்னைக் களத்துக்குள் தள்ளிவிட்டவன் நான். நீ ஜெயித்ததும் ஊரெல்லாம் பெருமை பேசியவனும் நான்தான். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் வலி என்று சொன்னதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. உன் தங்கைக்கு நீ எழுதிய சீட்டை நாலைந்து தடவை படித்தேன். என்னை மன்னித்துக்கொள்.

ஜோவிலின் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அந்த ஆளிடம் சொல்லுங்கள் என்று அம்மா வழியாகத்தான் எல்லாம். இப்போது நாள் முழுக்கக் குறை. பட்டை குத்துகிறது, முதுகு இழுக்கிறது, தலையணை சரியில்லை, குழம்பு சரியில்லை. என் காது புளித்துவிட்டது. புளிக்கட்டும், சொல்கிறாளே.

இனி உன் விஷயம். நீ வீடியோவில் பேசும்போதெல்லாம் இடுப்பில் கையை வைத்து நின்றுகொண்டே பேசுகிறாய். உட்காரேன் என்றால் நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருந்தேன் என்கிறாய். எந்த ஆஸ்பத்திரியில் நர்ஸை நாள் முழுக்க உட்காரவைக்கிறார்கள்? நீ வேலை பார்க்கிற இடத்திலேயே ஒரு நாள் நோயாளியாக வரிசையில் போய் உட்கார். டாக்டர் கேட்டால் போன வாரத்திலிருந்து என்று சொல்லாதே.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நாங்களும்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உன் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். டாக்டர் சொன்னதை எனக்கு நேராக எழுது, தங்கை வழியாக வேண்டாம்.

கோபம் இன்னும் தீராத, உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிற
அப்பா டியோஸ்டாடோ