கடைசி ஆளின் எடை

இன்று காலை உன்னுடைய நிரல் என்னைத் திட்டியது. ஹட்டனில் நாம் வேலை செய்த அதே மாடி, அதே ஜன்னலோர மேசை, கீழே பேக்கரியில் பாண் வேகும் வாசனை. தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருக்கும் புதிய தராசுக்காக உன் கோப்பைத் திறந்து இரண்டு வரியை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். முடியாது என்று பதில் வந்தது. வேறெங்கோ பிடியில் இருக்கும் டியூப்பிளை நான் மாற்றப் பார்க்கிறேனாம். முதலில் சிரிப்பு வந்தது. அந்தக் காவலை நீ எதற்காக வைத்தாய் என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

டியூப்பிள் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மாவுக்கு ஒருநாள் இப்படிச் சொன்னேன்: அது அறைகள் உள்ள ஒரு பெட்டி. பைத்தான் மொழியில் எழுதுகிறவர் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. நாங்கள் அதற்கும் கீழே, சி மொழியில் வேலை செய்தோம். அங்கே பெட்டி வெறும் அறைகளோடு பிறக்கும், நாங்கள்தான் நிரப்ப வேண்டும். எங்கள் கையில் மட்டும் இருக்கும்வரை நிரப்பலாம். இன்னொரு இடத்தில் கொடுத்துவிட்டால் அதன்பிறகு தொடக்கூடாது. நிரப்புவதற்கு இரண்டு வழி. ஒன்று, வேறு யாரும் பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போடும். மற்றது எதையும் பார்க்காமல் போடும், அதனால் கொஞ்சம் வேகம்.

நீ வேகத்தைத்தான் எடுத்தாய். மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகையில், இருந்தது பழைய கம்பியூட்டர். மழை நாளில் பெண்கள் தலையில் பாரத்தோடு வரிசையில் நிற்பார்கள். "ஆளுக்கு ஒன்னு புதுசா எதுக்கு புள்ள? ஒரே டியூப்பிளைத் திரும்பத் திரும்ப நிரப்புவோம்" என்றாய். மொத்த எடை, சாக்குக்குக் கழிவு, மிச்ச எடை என்று மூன்றே அறை. யோசனை நல்லதாகத்தான் தெரிந்தது.

வட்டவளைக்குப் பக்கத்தில் நீ பிறந்த தோட்டத்திலேயே முதல் நாள் ஓட்டினோம். நிறுக்கும்போது ஒவ்வொருவர் எடையும் திரையில் சரியாகத்தான் வந்தது. அன்று உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, கடைசி ஆளாக வந்துதான் கொழுந்தை நிறுத்தார்கள். பிறகு கணக்கப்பிள்ளை மொத்தப் பட்டியலைத் திறந்தார். அத்தனை பேருக்கும் ஒரே எடை. அதுவும் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவுக்குக் குறைந்த எடை. அளவு எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

"மழையில நின்னு பேசிக்கிட்டு இருந்திருப்பீங்க. மெஷின்ல உள்ளதத்தான் நான் போடுவேன்" என்றார் அவர். பெண்கள் சத்தம் போட்டார்கள். நீ மட்டும் மடிக்கணினியில் குனிந்திருந்தாய். பிறகு நிமிர்ந்து கணக்கப்பிள்ளையைப் பார்த்தாய்.

"ஐயா, பிழை என்னோடது. எல்லார் பேருக்கும் ஒரே டியூப்பிளைக் குடுத்துட்டேன். கடைசியா நிறுத்தவங்க எடை எல்லாருக்கும் விழுந்துருச்சு."

"அத நான் எப்படி நம்புறது தங்கச்சி? கடைசி ஆளு யாரு?"

உன் கையைக் கிள்ளினேன். மொத்தமும் கெட்டுப்போச்சு என்று சொல் என்றேன். நீ கேட்கவில்லை.

"எங்க அம்மா. அவங்க எடை மட்டும் சரி."

அவர் உன் அம்மாவின் சாக்கைத் திரும்பத் தராசில் போடச் சொன்னார். அதே எடை. மற்றவர்கள் கொழுந்து அதற்குள் லாரி ஏறிவிட்டதால் அவர்கள் எல்லாருக்கும் முழுப் பேர் போட்டார், உன் அம்மாவுக்கு மட்டும் அரைப் பேர். அன்று எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உன் அம்மா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ பார்த்துப் போடும் வழிக்கு எல்லா வரிகளையும் மாற்றினாய், ஆளுக்கொரு புது டியூப்பிள் வைத்தாய். அதன்பிறகு நிரல் ஒருநாளும் பிசகவில்லை.

ஆனால் நீ அதிலிருந்து வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "அம்மாவுக்கு நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது இல்ல?" என்று கேட்டாய். போர்வையை இழுத்துவிட்டு, தூங்கு என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்க லயத்து வீட்டுக்குப் போனேன். நீ கேட்டதைச் சொன்னேன். அம்மா சொன்னார்கள்:

"மறுநாள் மலையில பொம்பளைங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து என் சாக்குல போட்டாங்க புள்ள. ஒம் மக வாயத் தொறக்கலன்னா எங்களுக்கு ஏது முழுப் பேருன்னாங்க. நான் வேலைய விடுற வரைக்கும் போட்டாங்க. எனக்கு அப்புறம் அரைப் பேரே விழல."

அம்மாவின் முழங்கால் குணமாகிவிட்டது என்றுதானே நீ நினைத்திருந்தாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவகிட்டயா? தெரிஞ்சா நேரா கணக்கப்பிள்ளைகிட்ட போயி, எங்க அம்மா எடை பிழைன்னு சொல்லியிருப்பாளே."

சொல்லியிருப்பாய்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம். ஆஸ்பத்திரியில் நீ கேட்டதற்கான பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. உன் நிரலும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்குள் அந்த முதல் நாளைத் தவிர உன் அம்மா பெயருக்கு எதிரே இருக்கும் எடைகளெல்லாம் பிழை. நான் திருத்தப்போவதில்லை.