நீங்களும் இரத்தம் பார்க்க வேண்டும்

மதுரனின் அப்பாவுக்கு,

லிந்துலைக் குளிரில் உங்கள் இருமல் குறைந்ததா? கொழும்பில் நான் சுகம். போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் எச்.ஐ.வி. மாத்திரை குடிக்கத் தொடங்கி ஐந்து வருஷம். இம்முறை கிளினிக்கில் மற்றப் பாலியல் நோய்களுக்கும் என் இரத்தத்தைப் பார்த்தார்கள். சிபிலிஸ் இருக்கிறதாம். உடம்பில் ஓர் அறிகுறியும் இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

“அழாதீங்க, மூணு ஊசியில சுகமாகிரும். ஒங்க வீட்டுக்காரரும் பார்க்கணும்” என்றார் நர்ஸ். இரண்டு ஊசி போட்டாயிற்று.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நான் கேட்கமாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள். நுவரெலியா கிளினிக்குக்குப் போங்கள். தனியாகப் போக வெட்கமென்றால் நானும் கூட வருகிறேன்.

மதுரன் சிரிக்கும் படம் ஒன்றைக் கழுவி அனுப்புங்கள். போனில் அவன் படத்தைத் திறந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் அணைந்துவிடுகிறது.

சமையலை முடிக்கச் சொல்லி வீட்டு நோனா கூப்பிடுகிறார். எந்தக் கிழமைக்கு லீவு கேட்கட்டும்?

உங்கள் பவானி