விசில் வராத நிறுத்தம்

ஜன. 6, செவ்வாய்
காலையில் பனி. மு.கால் வீக்கம் கொஞ்சம் கம்மி. (மு.கால் = முழங்கால். முழுசாக எழுத சோம்பல்.) இனி பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட் கொடுக்க இந்தக் கால் ஒத்துழைக்காது.

மகள் செல்வி, காலேஜ் இரண்டாம் வருஷம். வேலை மாறுவதற்குத் திட்டம் எழுதச் சொன்னாள். எழுதியது:
1. புது வேலையை உறுதி செய்க.
2. அதுவரை பழையதை விடக் கூடாது.
3. யாரிடமும் உளறக் கூடாது.

மூன்றும் காலி. நேற்றே பஸ் மேனேஜரிடம் போய், இந்த வாரத்தோடு நின்றுகொள்கிறேன், ஸ்கூல் வேன் ஓட்டப் போகிறேன் என்று மிதப்பாகச் சொல்லிவிட்டேன். சந்தோஷமாகக் கை குலுக்கினார். இன்றைக்கு என் இடத்துக்கு ஆள் வந்து நிற்கிறான். வேன்காரர் ரஷீத் பாயோ என்னை இன்னும் ஓட்டச் சொல்லிப் பார்க்கவே இல்லை.

செல்வி படித்துவிட்டு, "ப்பா, பிளான் எழுதச் சொன்னா நடந்து முடிஞ்ச கதய எழுதிக்கினு கீறியே."

ஜன. 7, புதன்
வெள்ளிமலை பஸ். கூட்டம். இன்றுதான் உறைத்தது: இத்தனை வருஷம் இந்த மலையில் ஏறி இறங்கியும் ரோட்டைப் பார்த்ததில்லை. நான் நிற்பது ஜனத்தைப் பார்த்து, ரோட்டுக்கு முதுகு காட்டி. ஜனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்துத்தான் வளைவு தெரியும். டிரைவர் முருகேசன் அண்ணனிடம் சொன்னேன்.

"பாக்காததாலதான் இத்தினி வருசம் நிம்மதியா வந்த," என்றார். நல்ல ஆறுதல்.

வாங்க: தைலம், தே.எண்ணெய், செல்விக்கு ரீசார்ஜ்.

ஜன. 9, வெள்ளி
பாய் கூப்பிட்டார். நாளை சோதனை ஓட்டம். கச்சிராயபாளையம் – வெள்ளிமலை – திரும்ப.

லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் சரியாக இருக்கிறது. லீவு நாளில் மச்சானின் லோடு வண்டி ஓட்டுபவன்தான். ஆனால் எல்லாம் சமதரை. மூட்டை வாந்தி எடுக்காது.

மனைவி சாந்தி சாமிக்குச் சூடம் காட்டிவிட்டு எனக்கும் சுற்றினாள். தேறாவிட்டால் என்ன செய்வோம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நாலு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம்.

ஜன. 10, சனி
ஓட்டியாச்சு. ஏற்றம் பரவாயில்லை. பாய் பக்கத்தில் தஸ்பீஹ் ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டே வந்தார். எப்போதும் உருட்டுவாரா, நான் ஓட்டுவதைப் பார்த்து உருட்டினாரா, தெரியவில்லை.

கரியாலூரில் பிள்ளைகள் ஏறும் இடம். நிறுத்தி, கதவைத் திறந்து மூடிக் காட்டச் சொன்னார். காட்டிவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடுகிறது. நானும் உட்கார்ந்திருக்கிறேன், பாயும் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னாங்க, யாருக்கு வெய்ட்டிங்?"

அப்போதுதான் தெரிந்தது. பின்னாலிருந்து விசில் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் விசில் அடித்தவன்! பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. கீழே வந்து சேரும்வரை மணியைத்தான் உருட்டினார். ஒவ்வொரு வளைவிலும் என் வேலை என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கீழே சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. மருமகன் வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருப்பதைச் சொன்னார். எதற்குச் சொல்கிறார் என்று நான் விழிக்க, "என் பேத்தி இந்த வண்டிலதான் ஸ்கூலுக்கு வருது. திங்கக்கெழம வந்துருங்க."

வேலை கிடைத்துவிட்டது. பயம் ஜாஸ்தியாகிவிட்டது. சாந்தி பாயசம் வைத்தாள்.

ஜன. 12, திங்கள்
மலை மேல் மூடுபனி. விளக்கு போட்டு ஓட்டம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மல்லிகா என்கிற அம்மா கூட வருகிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைச் சாத்தி "போலாங்ணா" என்கிறார். உயிர் வந்தது.

பாயின் பேத்தி எனக்கு நேர் பின்னால். ஏறியதும், "நீங்க பஸ்சுல டிக்கெட் குடுக்கற அங்கிள்தான? உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" எனக்கும் அதே கேள்விதான்.

இறக்கம். ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கத் தைரியமில்லை. பின்னால் சத்தமே இல்லை. பஸ்ஸில் இந்நேரம் நாலு பேர் ஜன்னலில் தலையை விட்டிருப்பார்கள். பயத்தில் உறைந்துவிட்டார்களோ? மெதுவாக மல்லிகாவிடம் கேட்டேன்.

"எல்லாம் தூங்கிக்கினு கீதுங்க. பேசாத ஓட்டுங்ணா."